தாசில்தாருக்குப் பொரி

உக்காருங்க தம்பி, அந்த ஸ்டூல்ல உக்காருங்க. ஒரு கால் ஆடும், ஆனா விழாது. இன்னும் கொஞ்சம் குடைக்குள்ள நகந்துக்கங்க. இந்த ஊரு தூத்தல் பாக்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும், சட்டையைப் பிழிய வச்சிட்டுத்தான் போகும். வீட்டம்மாவும் பிள்ளைகளும் போட்டுல ஏறிட்டாங்களா? நீங்க போகலையா? தலைசுத்தா? சரி, தலைசுத்துன்னே வச்சுக்குவோம். இங்க வந்து உக்கார்ற ஆம்பளைங்க எல்லாருக்கும் தலைசுத்துதான். தண்ணியப் பாத்தா பயம்னு இதுவரைக்கும் ஒருத்தர் சொன்னதில்ல. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், நிம்மதியா உக்காருங்க. மிதிபடகு சுத்தி வர நேரமாகும்.

என்ன பாக்குறீங்க, போர்டா? ஆமா, மீனுக்குத் தீனி போடாதீங்க, போட்டா அபராதம்னு எழுதியிருக்கு. எனக்கும் படிக்கத் தெரியும் தம்பி. என் குடையே அந்தப் போர்டுக் கம்பத்துலதான கட்டியிருக்கு. நல்லா ஆழமா ஊனியிருக்காங்க, ஆடிக் காத்துக்குக்கூட அசையாது. அரசாங்கம் இந்த ஏரியில செஞ்சதுலயே உருப்படியான காரியம் அந்தக் கம்பம்தான்.

இந்தப் பொரி மீனுக்கு இல்ல. இது மனுசங்க சாப்பிடுற பொரி. மனுசங்க வாங்குறாங்க, பாலத்துல நின்னு சாப்பிடுறாங்க. சாப்பிடும்போது கை தவறிக் கீழ கொட்டுச்சுன்னா அதுக்கு ரெஜினா என்ன பண்ணுவா? ரெஜினா நான்தான். பொரிக்கார ரெஜினான்னு கேட்டுப் பாருங்க, இங்க குதிரைகூட வழி சொல்லும்.

பொட்டலத்தைப் பாருங்க, பேப்பர். பிளாஸ்டிக்கை நான் கையால தொடுறதில்ல. என்னையப் போயி ஏரியக் கெடுக்குறவன்னு சொன்னா வயிறு எரியுமா எரியாதா? ஏரிக்காகப் பேப்பர்ல மடிக்கிறேன். மீனு பொரியைத் தின்னுரும், பேப்பரு தண்ணியிலயே கரைஞ்சிரும், குப்பைன்னு ஒண்ணு மிஞ்சுதா? அதெல்லாம் அவங்க கண்ணுக்குத் தெரியாது.

இந்த ஏரி கதை தெரியுமா உங்களுக்கு? வாசல்ல கல்லு பதிச்சிருக்காங்க, பார்லோ துரை இந்த ஏரியை உண்டாக்கினாருன்னு. துரை ஒரு கூடை மண்ணு தூக்கியிருப்பாரா? அப்ப இது வெறும் சேத்துப் பள்ளம், மாடு மேயுற இடம். துரையோட சம்சாரத்துக்கு அவங்க ஊர்ல வீட்டு வாசல்லயே ஏரி இருந்துச்சாம். இங்க வந்து சேத்தைப் பாத்து அழுதிருக்கு. அழுகை தாங்காம துரை ஓடைகளை மறிச்சுக் கரை போட்டுட்டாரு. எங்க வீட்டுக்காரரோட பாட்டன் இந்தக் கரைக்கு மண்ணு சுமந்தாருன்னு அவரு பெருமையாச் சொல்லுவாரு. இந்த ஊர்ல எல்லாருக்கும் பாட்டன் மண்ணு சுமந்தவருதான். அம்புட்டுப் பேரும் நெசமாவே சுமந்திருந்தா கரை அந்த மலை உசரத்துக்கு வந்திருக்கும். கடைசியில துரையம்மா போட்டுல ஏறின அன்னைக்கே வாந்தி எடுத்துருச்சாம். அதுக்கப்புறம் ஏறவே இல்லையாம். உங்கள மாதிரி கரையில உக்காந்து பாத்துக்கிட்டு இருந்திருக்கும்.

அன்னைக்குப் பிடிச்சு இந்த ஏரியை யாராவது காப்பாத்திக்கிட்டேதான் இருக்காங்க. ஒரு ஆபீசர் வந்தாரு, நடுவுல நீரூத்து வச்சாரு. அது கோடை விழா அன்னைக்கு மட்டும் பீச்சுச்சு. இன்னொருத்தர் வந்தாரு, அன்னப்பறவை வாங்கி விட்டாரு. நம்ம ஊரு நாய்களுக்கு அன்னம்னு தெரியுமா, கோழின்னு நினைச்சு சோலியை முடிச்சிருச்சுக. அப்புறம் பாசி வந்துச்சு. பாசின்னா படியில வழுக்குற பாசி இல்ல தம்பி, வேலம்பாசி. அடியில வேர்விட்டு மேல வரைக்கும் சடை சடையா வளரும். துடுப்பு போட்டா துடுப்பைப் பிடிச்சுக்கும், மிதிச்சா சக்கரத்தைப் பிடிச்சுக்கும். அதை வெட்ட மெஷின் வாங்கினாங்க. மெஷினு பாசியில மாட்டிக்கிச்சு. அப்புறம் ஆளுங்க இறங்கி அரிவாளால பாசியை வெட்டி மெஷினைக் காப்பாத்தினாங்க. போட் ஹவுசுக்குப் பின்னாடி நிக்குது பாருங்க, மஞ்சள் கலர்ல, அதுதான். இப்ப அதுல கோழி அடையுது.

அப்பத்தான் ஒரு மகராசன் மீனு விடலாம்னு சொன்னான். புல்கெண்டை. பேரே அதுதான். பாசியையும் புல்லையும்தான் திங்குமாம். மலையில மாட்டை மேய விடுற மாதிரி ஏரியில இதை மேய விட்டா டீசல் வேண்டாம், மெஷினு வேண்டாம். ஓடுற ஆத்துலதான் முட்டை போடுமாம், நிக்கிற தண்ணியில வம்சம் பெருகாதாம். வேலை செய்யும், லீவு கேக்காது, பிள்ளைக்கும் வேலை போட்டுக் குடுன்னு மனு எழுதாது. அரசாங்கத்துக்கு வேற என்ன வேணும்?

பந்தல் போட்டு விழா வச்சாங்க. கலெக்டர் வர்றதா இருந்துச்சு, வரல. தாசில்தார் வந்தாரு. நல்ல உருண்டையான மனுசன், வெள்ளைப் பேண்ட்டு. மொத மீனை அவர் கையால விடணும்னு குண்டானோட குடுத்தாங்க. அது உள்ளயே ஒரு துள்ளு துள்ளி, அவரை இடுப்புல இருந்து முட்டி வரைக்கும் நனைச்சிட்டுத்தான் தண்ணிக்குள்ள இறங்குச்சு. பேப்பர்காரன் கரெக்டா அந்த நேரத்துல போட்டோ எடுத்தான். நனையக் கூடாத இடத்துல நனைஞ்சு நின்னாரு பாவம். அன்னைக்கே அந்த மீனுக்கு தாசில்தாருன்னு நான் பேரு வச்சிட்டேன். பின்னால ஒரு போட்டு அடிச்சு அதுக்கு வால்ல மேல்பாதி போயிருச்சு. அதனால எம்புட்டுக் கூட்டத்துலயும் எனக்கு அடையாளம் தெரியும். வாலறுந்தது அதே மீனுதான்னு உனக்கு எப்பிடித் தெரியும்னு எங்க வீட்டுக்காரர் கேப்பாரு. அவருக்கு என்ன தெரியும்? துள்ளுறதுல அதே திமிரு.

எங்க வீட்டுக்காரரா? ஞானப்பிரகாசம்னு பேரு. அங்க வளைவுல செம்பட்டைக் குதிரை வச்சுக்கிட்டு நிக்கிறாரு பாருங்க, அவருதான். பிள்ளைகளை ஏத்தணும்னா சொல்லுங்க, நல்ல குணமான குதிரை. லத்திதான் கொஞ்சம் ஜாஸ்தி போடும். அது ஒண்ணும் பிரச்சினையில்ல, ஒரு மழை அடிச்சா ரோடு கழுவி விட்ட மாதிரி ஆயிரும். எங்க போகும்னா, கீழதான் போகும், தண்ணி போற பக்கம்.

எங்க விட்டேன்? ஆங், மீனு. சும்மா சொல்லக் கூடாது, மீனுக நல்லாத்தான் வேலை பாத்துச்சு. ரெண்டு கோடைக்குள்ள பாசி போன இடம் தெரியல. ஏரி கண்ணாடி மாதிரி கிடந்துச்சு. அப்பத்தான் நான் இந்தப் பாலத்துக்கிட்ட பொரிகடலை விக்க வந்தேன். மனுசங்களுக்குத்தான். ஒருநாள் ஒரு பிள்ளை கையில இருந்து பொட்டலம் நழுவித் தண்ணியில விழுந்துச்சு. விழுந்ததும் கீழயிருந்து ஒவ்வொண்ணா மேல வருது. வாயை இம்புட்டுப் பெருசாத் திறந்துக்கிட்டு. போட்டுக்கு வரிசையில நின்ன ஜனமெல்லாம் வரிசையை விட்டுட்டு இங்க ஓடி வந்துருச்சு. அன்னைக்கு மத்தியானத்துக்குள்ள சாக்கு காலி. பொரி மிதக்கும் தம்பி, அதுதான் விசயம். கடலை முங்கிரும். மிதக்குறதை வாங்க மீனு மேல வருதுல்ல, அதைப் பாக்கத்தான் ஜனத்துக்கு ஆசை.

அப்புறம் தினம் வரும். இந்தா இந்த டம்ளரைப் பாலத்து இரும்புக் கைப்பிடியில தட்டுனாப் போதும், எங்க இருந்தாலும் வந்து நிக்கும். தாசில்தார் இருக்காருல்ல, அவரு கையிலயே வாங்குவாரு. பாலத்துக்கு அடியில அந்தக் கடைசிப் படி இருக்கு பாருங்க, அங்க இறங்கி உள்ளங்கையில வச்சு நீட்டினா வந்து உறிஞ்சிட்டுப் போவாரு. வாயி பூ மாதிரி இருக்கும். எத்தனை பேரு போட்டோ எடுத்திருக்காங்க. பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் அந்தப் படியில பேண்ட்டை மடிச்சு விட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்க. ஒவ்வொருத்தரையும் மொத துள்ளுல நனைச்சிருவாரு.

எனக்கு ஒரு மகன் தம்பி, ரூபன். அப்ப வீட்டுலதான் இருந்தான். நல்லாச் சாப்பிடுவான். அவன் சாப்பிடுறதை உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கலாம், நமக்கு வயிறு நிறைஞ்சிரும். வேலைக்குப் போடான்னு நான் ஒருநாளும் வாயைத் திறந்து சொன்னதில்ல. வந்தா பாருங்க மருமக, வந்த வருசமே திருப்பூருக்கு இழுத்துக்கிட்டுப் போயி பனியன் கம்பெனியில சேத்து விட்டுட்டா. போன பொங்கலுக்கு வந்தான், கன்னமெல்லாம் ஒட்டிப் போயி. சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தான். கடன் வாங்காம பைக் வாங்கியிருக்கேன்னு காட்டுறான். பைக்கை என்ன பண்ண, கன்னம் போச்சே.

சரி, அது வேற கதை. பாசி திரும்ப வந்துச்சு. ஏன்னு யாருக்கும் தெரியல. நான் மழைதான் காரணம்னு சொன்னேன். போட் ஹவுஸ்காரங்க மீனுக்கு வயசாயிருச்சுன்னாங்க. அந்த வருசம் புதுசாக் கல்யாணம் ஆன ஜோடி ஒண்ணு மிதிபடகு எடுத்துக்கிட்டு நடு ஏரிக்குப் போச்சு. மிதிக்க மிதிக்க சக்கரத்துல பாசி சுத்திக்கிச்சு. முன்னாடியும் போகல, பின்னாடியும் வரல. கயிறு கட்டி இழுத்துக்கிட்டு வர்றதுக்குள்ள பொழுது சாஞ்சிருச்சு. மொதக் கொஞ்ச நேரம் சந்தோசமாத்தான் இருந்திருப்பாங்க, நமக்கும் அப்படித்தான தோணும். கரைக்கு வரும்போது ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இறங்குதுக. பேப்பர்ல எல்லாம் வந்துருச்சு.

அதுக்கப்புறம்தான் அந்தப் பொண்ணு வந்துச்சு. இளமதி மேடம்னு பேரு. மீனைப் பத்திப் படிச்ச பொண்ணு. ஒல்லியா, முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கிட்டு, ஏரித் தண்ணியைப் பாட்டில் பாட்டிலாப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு. வெயில்ல நிக்குதேன்னு நான்தான் கூப்பிட்டு இதே ஸ்டூல்ல உக்கார வச்சேன். பொரி குடுத்தேன். சாப்பிட்டுட்டு, நல்லாருக்கும்மா, வீட்டுல வறுக்குறதான்னு கேட்டுச்சு. என் பொரியத் தின்னுக்கிட்டே எனக்கு ஆப்பு வச்சிருச்சு தம்பி.

ஒருநாள் ஒரு மீனு செத்து மிதந்துச்சு. தாசில்தார் இல்ல, வேற. அதை எடுத்து, அந்தா அந்தக் கல்லு மேல போட்டு, அத்தனை ஜனத்துக்கு முன்னாடி வயித்தை அறுத்துச்சு. உள்ள பொரிதான். குழைஞ்சு பொங்கல் மாதிரி. பாசி ஒரு இழைகூட இல்ல. கூட்டமே என்னையத் திரும்பிப் பாக்குது. அந்தப் பொண்ணு கோவமாகூடப் பேசல. மெதுவாத்தான் சொல்லுச்சு.

"அம்மா, இதுங்க இங்க வேலைக்கு வந்ததுங்க. நீங்க உக்கார வச்சு சோறு போட்டுட்டீங்க."

எனக்கு வந்துச்சு பாருங்க.

"எங்க ஊர்ல வந்தவங்களைப் பட்டினி போட்டு வேலை வாங்குற பழக்கம் இல்ல மேடம்" அப்பிடின்னு சொன்னேன். குதிரைக்காரங்க எல்லாம் கை தட்டினாங்க. நீங்களே சொல்லுங்க, நம்ம ஊருக்கு ஒரு ஜீவன் வந்திருக்கு. வந்து வாயைத் திறக்குது. இந்தா பாசியத் தின்னுன்னு எப்பிடிச் சொல்றது? நம்ம வீட்டுக்கு விருந்தாளி வந்தா தோட்டத்துல போயி மேய்ஞ்சுட்டு வான்னா சொல்லுவோம்?

அது அதோட விடல. மீனு திங்காம மிச்சம் விட்ட பொரி அடியில போயி அழுகுதாம், அந்தச் சத்துலதான் பாசி வளருதாம். எப்பிடி இருக்கு கதை? என்னைக்காவது பொரியை உரமாப் போட்டு எவனாவது வெள்ளாமை எடுத்திருக்கானா? குதிரை லத்தியும் சேந்துதான் காரணம்னு வேற சொல்லுச்சு. அதைக் கேட்டு கை தட்டுன குதிரைக்காரங்க எல்லாம் கைய இறக்கிட்டாங்க.

அப்புறம் வந்ததுதான் இந்தப் போர்டு. யாரும் பொரி போடக் கூடாதுன்னுட்டாங்க. விடுவேனா? குறைதீர்க்கும் நாளுக்கு பஸ் ஏறி கீழ போனேன். கலெக்டருக்குன்னு தனியா நல்ல பொரியா எடுத்து வச்சுக்கிட்டுப் போனேன், வரிசையில பக்கத்துல உக்காந்திருந்த ஜனம் பசிக்குதுன்னுச்சு, குடுத்துட்டேன். கலெக்டர்கிட்ட வெறுங்கையோட போயி நின்னேன். மனுவை வாங்கிக்கிட்டு நல்ல மரியாதையாத்தான் பேசினாரு. கொஞ்ச நாள் கழிச்சு பதில் வந்துச்சு. உங்க மனு சம்பந்தப்பட்ட அதிகாரிக்கு அனுப்பப்பட்டிருக்குன்னு. சம்பந்தப்பட்ட அதிகாரி யாரு? அதே இளமதி மேடம்தான். அது மனுவைக் கையில வச்சுக்கிட்டு நேரா இங்க வந்து, என்னம்மா பண்ணலாம்னு என்கிட்டயே கேக்குது. நான் டீ வாங்கிக் குடுத்தேன்.

அந்த மொத மாசத்தை நினைச்சா இப்பவும் எனக்குத் தாங்கல தம்பி. பொரிய விட்டுட்டு தொப்பி வித்தேன். தொப்பிக்கு எந்த மீனு வரும்? ஆனா அதுக வந்துச்சு. தினம் வந்து இந்தப் பாலத்துக்கு அடியில வாயைத் திறந்துக்கிட்டு நிக்கும். தாசில்தார் முன்னாடி நிப்பாரு. நான் அந்தப் பக்கம் பாக்காம உக்காந்திருப்பேன். அழுதேன். சொல்றதுக்கு என்ன வெக்கம், அழுதேன். உங்கம்மா செத்தப்பகூட நீ இப்பிடி அழலையேன்னாரு எங்க வீட்டுக்காரர். எங்கம்மா என்னைக்கு என்னையப் பாக்க இப்பிடி ஓடி வந்துச்சு? அது செத்ததுக்கு அம்புட்டுத்தான் அழ முடியும்.

அப்புறம் ஒண்ணொண்ணா வர்றது நின்னுச்சு. பாலத்துக்கு அடியில தண்ணி மட்டும்தான் கிடந்துச்சு. எல்லாம் செத்துருச்சுன்னு நினைச்சேன். ஆனா பாசி குறைய ஆரம்பிச்சிருச்சு. மொதல்ல பாலத்தைச் சுத்தி, அப்புறம் போட் ஹவுஸ் பக்கம், அப்புறம் நடுவுல. இப்பப் பாருங்க, எப்பிடிக் கிடக்குது. உங்க வீட்டம்மா எம்புட்டு ஜாலியா மிதிச்சுக்கிட்டுப் போறாங்க. அன்னைக்கு மாதிரி இருந்தா இந்நேரம் நீங்க கயிறு கேட்டு ஓடணும்.

பேரு யாருக்குங்கிறீங்க? அந்தப் பொண்ணுக்கு. பேப்பர்ல அது போட்டோ, ஏரியை மீட்டெடுத்த அதிகாரின்னு. நான் ஒண்ணு கேக்குறேன் தம்பி. இம்புட்டுப் பெரிய ஏரியில உள்ள பாசியத் திங்கிறதுக்கு அந்த மீனுகளுக்குத் தெம்பு எங்கேருந்து வந்துச்சு? யார் போட்ட பொரியில வளர்ந்த உடம்பு? வருசக்கணக்காச் சாக்கு சாக்காக் கொட்டி ஆளாக்கி விட்டது நான். வேலை நேரத்துல வந்து கணக்குக் காட்டுனது அது. போட்டோவுல ஒரு ஓரமா என்னையும் நிக்க வச்சிருக்கலாம்ல? நான் எங்க போயிட்டேன், இந்தா போர்டுக்குக் கீழயேதான் உக்காந்திருக்கேன்.

நல்ல மனசுக்காரிதான், இல்லைன்னு சொல்லல. ஒருநாள் வந்து இந்த ஸ்டூல்ல உக்காந்துச்சு. உங்க தாசில்தாரைப் பாத்தேம்மா, தைலமரத்துப் பக்கம் மேஞ்சுக்கிட்டு இருக்காரு, இளைச்சுப் போயி நல்லா சுறுசுறுப்பா இருக்காருன்னு சொல்லுச்சு. எனக்கு அந்த 'இளைச்சு'ங்கிற வார்த்தைக்கு மேல ஒண்ணும் காதுல விழல. மறுநாள் கடையைச் சாத்திட்டு, டம்ளரை எடுத்துக்கிட்டு, ஏரியைச் சுத்தி நடந்தே அந்தக் கோடிக்குப் போனேன். அங்க கைப்பிடி ஏது, ஒரு கல்லுல வச்சுத் தட்டினேன். வந்தாரு. பாதி வாலு தெரிஞ்சுச்சு. ஒரு நிமிசம் அப்பிடியே நின்னாரு. என்னையப் பாத்தாரு தம்பி, சத்தியமாச் சொல்றேன், பாத்தாரு. பாத்துட்டுத் திரும்பி பாசிக்குள்ள போயிட்டாரு.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து ரூபனுக்கு போன் போட்டேன். வேலையா இருக்கேம்மா, அப்புறம் பேசுறேன்னுட்டான். அடுப்புகூடப் பத்த வைக்காம உக்காந்திருந்தேன். எங்க வீட்டுக்காரர் குதிரையைக் கட்டிட்டு வந்து என்னன்னு கேட்டாரு. சொன்னேன். அவரு அதிகம் பேசுற ஆளு இல்ல. வாசல்ல நின்னுக்கிட்டே சொன்னாரு.

"விடு ரெஜினா. ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. உனக்குத்தான் பசி."

கூறுகெட்ட மனுசன். நான் அப்பத்தான் கடையில வாங்கின ரெண்டு இட்லி தின்னிருந்தேன்.

இப்ப ஏரி நல்லாயிருச்சுல்ல, கூட்டம் முன்னைவிட ஜாஸ்தி. கூட்டம் வந்தா என்ன கேக்கும், மீனு எங்கன்னு கேக்கும். சும்மா தண்ணியப் பாத்துட்டுப் போக அவங்க ஊர்ல தண்ணி இல்லையா? அதனால தொப்பியை ஓரங்கட்டிட்டு மறுபடி சாக்கை இறக்கிட்டேன். மனுசங்க சாப்பிடத்தான். கை தவறி விழறது விழுந்துக்கிட்டுத்தான் இருக்கு. வேற சாதிச் சின்ன மீனு ஒண்ணு ரெண்டு எட்டிப் பாக்குது. அந்தப் பெருசு மட்டும் வரல. தினம் சாயங்காலம் ஒரு தடவை தட்டுவேன். வர்ற சீசனுக்காகன்னு நினைச்சுக்காதீங்க. சும்மா, பழக்கத்துக்கு. இனிமே வர மாட்டாருன்னு எனக்கே தெரியும்.

அபராதம் போடுற வாட்சுமேன் டீக்குப் போயிட்டாரு, மழை வேற, இப்போதைக்கு வர மாட்டாரு. இந்தாங்க, இந்தப் பொட்டலத்தைப் பிடிங்க. காசு கிடக்கட்டும். உங்களுக்குத்தான், சாப்பிடுங்க. அங்க கைப்பிடிகிட்டப் போயி நின்னு சாப்பிடுங்க. தண்ணிக்குள்ளயா இறங்கச் சொல்றேன், கைப்பிடியைப் பிடிச்சுக்கங்க, ஒண்ணும் ஆகாது. நான் ஒரு தட்டு தட்டுறேன். கை தவறட்டும். கொஞ்சமாத் தவறட்டும், மொத்தமாக் கொட்டிறாதீங்க.

தலையைக் குனிஞ்சு பாருங்க. அந்தா சின்னது ரெண்டு வந்துருச்சு. இதுக வரும், இதுக தினம் வரும். இன்னொரு கை போடுங்க. பயப்படாதீங்க, உங்களைக் கடிக்கவா போகுது.

இருங்க.

இருங்க தம்பி, அசையாதீங்க. கீழ, அந்தத் தூணுக்குப் பக்கத்துல. கறுப்பா மெதுவா வருது பாருங்க. வாலைப் பாருங்க, வாலைப் பாருங்க. மேல்பாதி இருக்கா? இல்லைல்ல? எனக்குக் கண்ணு மறைக்குது, நீங்க நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இல்லைல்ல?

வந்துட்டாரு. அய்யோ, எப்பிடி எளைச்சுப் போயிருக்காரு. தோளெல்லாம் எலும்பு தெரியுது. பாசியத் தின்னா இப்பிடித்தான் ஆகும், நான் அன்னைக்கே தலையில அடிச்சுக்கிட்டேன், கேட்டாங்களா? வாங்கய்யா, வாங்க. தம்பி, அந்தச் சாக்கை அப்பிடியே இங்கிட்டு இழுத்துட்டு வாங்க. ஆமா, முழுச்சாக்கையும்தான். உங்க வீட்டம்மா கரைக்கு வந்துட்டாங்க போல, கூப்பிடுங்க, பிள்ளைகளையும் கூப்பிடுங்க, ஆளுக்கொரு கை போடட்டும். நல்லா அள்ளிப் போடுங்க தம்பி, வயிறு நிறையத் தின்னட்டும். பாசி எங்க போயிறப் போகுது? அது நாளைக்கும் இங்கதான் இருக்கும்.